அணைக்கக் கூடாத பெட்டி

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவர்கள் பக்கத்தில் ஆறு மாதத்துக்கு யாரும் போகக் கூடாது என்பது என் கருத்து. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டவர் தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டரில்தான் போவார். ஹோமியோபதி படித்தவர் உங்கள் ஒற்றைத் தும்மலுக்கு உங்கள் தாத்தா எப்படி இறந்தார் என்று விசாரிப்பார். நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டிருந்தேன். அதுவும் எண்பதுகளில், கண்ணமங்கலம் பக்கத்தில் கம்ப்யூட்டர் என்ற பொருளை நேரில் பார்த்தவர்களே அபூர்வமாக இருந்த காலத்தில். என் தலைக்கனம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். (யூகித்ததை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

படவேட்டுக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு சின்ன கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. வெளிநாட்டு நண்பர்கள் யாரோ அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கம்ப்யூட்டரை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்த நோயாளிகளுக்கு மின்விசிறி, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏசி. அந்த ஏசி அறையின் ஒரே மகாராணி நான். பெயர் ஸ்டெல்லா, வயது இருபத்திரண்டு, படிப்பு பி.எஸ்சி.யும் சென்னையில் ஒரு டிப்ளமாவும்.

கம்ப்யூட்டர் அறையின் மூலையில் ஓர் இரும்பு அலமாரி போல நிற்கும். நான் வேலை செய்தது அதோடு ஒயரால் இணைத்திருந்த டெர்மினலில். பார்ப்பதற்கு டி.வி. போல இருக்கும், முன்னால் ஒரு தட்டச்சுப் பலகை. அந்தத் திரையிலேயே ஒரு படிவத்தை வரைந்துகொள்ளலாம். பெயர், ஊர், வலது கண், இடது கண் என்ற தலைப்புகள் பூட்டுப் போட்டதுபோல அசையாமல் நிற்கும். அவற்றுக்குக் கீழே இருக்கும் காலிக் கட்டங்களில் மட்டும்தான் எழுத முடியும். ஒரு பொத்தானைத் தட்டினால் வெளிச்சப் புள்ளி இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்குத் தாவும். ஒரு பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கம். எல்லாம் முடிந்து ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினால்தான் விவரங்கள் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். அதுவரைக்கும் அடித்த பக்கங்கள் எல்லாம் டெர்மினலின் வயிற்றுக்குள்ளேயே, பஃபர் என்று சொல்லப்பட்ட தற்காலிக இடத்தில் காத்திருக்கும். ‘தற்காலிக’ என்ற சொல் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்திலும் இருந்திருக்க வேண்டும். நான் அன்றைக்கு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பெட்டியை நிறுவ வந்த இன்ஜினியர், திரைக்குக் கீழே இருந்த ஒரு திருகைக் காட்டி, “சாயங்காலம் போகும்போது இதைத் திருப்பிட்டுப் போம்மா” என்று சொல்லியிருந்தார். திருப்பினால் திரை இருண்டுவிடும். மறுநாள் காலையில் மறுபக்கம் திருப்பினால், முந்தின நாள் பாதியில் விட்ட படிவம் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் எழுந்து நிற்கும். அது வெளிச்சத்தைக் குறைக்கிற திருகு மட்டும்தான், பெட்டி ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கரண்ட் போனாலும் அறைக்குப் பின்னால் உள்ள பேட்டரி வரிசை அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் தினமும் பெட்டியை அணைத்துவிட்டுப் போவதாகவும், அது எதையுமே மறக்காத தெய்வீகப் பெட்டி என்றும் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கேன்டீன் வரைக்கும் போய்ப் பிரசங்கம் செய்தேன்.

வருடத்துக்கு ஒரு தடவை, சாமை அறுப்பு முடிந்து மலைக்காரர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற சமயத்தில், மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் எங்கள் ஆஸ்பத்திரி கண் முகாம் போடும். எங்கெங்கோ மலைக்குள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார்கள். காடு மேடு தாண்டி நடந்து வருவார்கள். டாக்டர் ஒவ்வொருவருக்கும் கண்ணாடி அளவு பார்ப்பார், நர்ஸ் காகிதத்தில் எழுதுவார், அந்த அளவுப்படி வேலூரில் கண்ணாடி செய்து மலைக்கு அனுப்புவார்கள். முந்தின வருடம் வழியில் பெய்த மழையில் காகிதக் கட்டு நனைந்து, யார் கண்ணாடி யாருக்குப் போயிற்று என்றே தெரியாமல் பெரிய ரகளை ஆகியிருந்தது.

நிர்வாகி நடத்திய கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். “காகிதமே வேண்டாம் சார். டெர்மினலையே மேலே கொண்டுபோய்விடலாம். அங்கேயே அடித்து, இங்கே வந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடலாம்.”

“முடியுமா?” என்றார் நிர்வாகி.

“பெட்டி மறக்காது சார்.”

“சரி. இது நல்லபடியாக முடிந்தால் உன் வேலை நிரந்தரம்” என்றார். நல்லபடியாக முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த கண் டாக்டர் ஞானராஜ் மட்டும், “ஒரு பாதுகாப்புக்குக் கொஞ்சம் காகிதமும் எடுத்துக்கலாமேம்மா” என்றார். சாதுவான மனிதர், யாரையும் அதட்டத் தெரியாதவர். நான் அவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தேன். முகாமுக்குக் கிளம்பிய அன்று காலை, ஜீப்பில் யாரோ ஏற்றியிருந்த காகிதக் கட்டை நானே இறக்கி வராந்தாவில் வைத்துவிட்டு வந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மலையில் கரண்ட் வரும், போகும், சில நாள் போவதோடு சரி. அதனால் கண்ணமங்கலத்தில் மைக்செட் கடை வைத்திருந்த கோவிந்தனையும் அவருடைய ஜெனரேட்டரையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா எதுவாக இருந்தாலும் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு வெளிச்சமும் பாட்டும் அவர்தான். ஜெனரேட்டரை அவர் தன் டெம்போவிலிருந்து கீழே இறக்குவதே இல்லை. டெம்போவை நிறுத்தி, ஒயரை மட்டும் இழுத்துவிடுவார். முகாமுக்கும் பழக்கதோஷத்தில் குழாய் ஸ்பீக்கரையும் சீரியல் லைட்டையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தார்.

பள்ளிக்கூடத்து அறையில் டெர்மினலை வைத்து, உயரம் போதாமல் அடியில் அதன் கையேட்டை முட்டுக்கொடுத்து, கோவிந்தனின் பலகையில் பிளக்கைச் செருகினேன். திரை வெறுமையாக இருந்தது. முந்தின நாள் நான் பார்த்துப் பார்த்து வரைந்த படிவத்தைக் காணோம்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் டாக்டர்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லுகிற வயது அது இல்லை. “மலை வளைவுகளில் ரொம்பக் குலுங்கிவிட்டது சார். அந்தக் குலுக்கலில் எழுத்து உதிர்ந்திருக்கும்” என்றேன். டாக்டர், பாவம், தலையாட்டினார். கண்ணுக்குள்ளேயே விழித்திரை கழன்று விழுவதைப் பார்த்தவர் அவர், எழுத்து உதிர்வதை ஏன் நம்ப மாட்டார்? நான் அங்கேயே உட்கார்ந்து மறுபடியும் படிவத்தை வரைந்தேன்.

முகாம் அமோகமாக நடந்தது. டாக்டர் அளவைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பச்சை எழுத்துக்கள் கட்டங்களில் விழுவதைப் பார்க்க ஜன்னலில் கூட்டம். கோவிந்தன் வெளியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “ஆரும் முட்டிக்காதீங்க. கம்ப்யூட்டரம்மா எல்லாரையும் பொட்டிக்குள்ளாற வச்சிக்கிறாங்க. ஒர்த்தரையும் வுட மாட்டாங்க” என்று அறிவித்துக்கொண்டிருந்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

கடைசியாக வந்தவர் வெள்ளச்சி. ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எல்லாரையும்விடத் தூரமான ஊரிலிருந்து வந்திருந்தார்.

“தூரத்துல இருக்கிறது தெரியுதாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“இன்னாத்த தெரியிது? போன மாசம் ஓடைக்கு அந்தாண்ட மருமவன் வந்துக்கினு இருந்தான். ‘வாப்பா, கஞ்சி குடிக்க வா’ன்னு கையாட்டிக் கூப்டேன். கிட்ட வந்தப்புறம் பாத்தா கரடி.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, நான் ஒரு பக்கம் ஓடுனேன், அது ஒரு பக்கம் ஓடிச்சி. எம் மருமவன் அன்னிக்கி வரவே இல்ல.”

அவருடைய அளவு, நிரம்பிவிட்ட பக்கத்தில் இடமில்லாமல், புதுப் பக்கத்தின் முதல் வரியில் தனியாகப் போய் உட்கார்ந்தது. படவேட்டுப் பக்கம் இருக்கிற மகள் வீட்டுக்குப் போக வேண்டும், கீழே போகிற வண்டியில் தன்னையும் ஏற்றிக்கொள்ளும்படி கேட்டார். தாராளமாக என்றோம். மற்றவர்கள் எல்லாம் கலைந்து அவரவர் மலைப் பாதையில் போய்விட்டார்கள்.

மத்தியானம் சாய்ந்திருந்தது. கோவிந்தன் ஜெனரேட்டரை நிறுத்தத் தயாராகப் போனார். நான் சம்பிரதாயமாகத் திருகைத் திருப்பித் திரையை இருட்டாக்கினேன். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, “ஏம்மா ஸ்டெல்லா, இறங்கும்போதும் குலுங்குமே. காலையில மாதிரி எழுத்து உதிர்ந்துடாதே? மெதுவா ஓட்டச் சொல்லட்டுமா?” என்றார். உண்மையான அக்கறையோடு கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் யோசித்தேன். எழுத்து உதிருமா? அதென்ன புளியம்பழமா, உலுக்கினால் உதிர? அப்படியானால் நேற்று ராத்திரிக்கும் இன்று காலைக்கும் நடுவில் இந்தப் பெட்டிக்கு என்னதான் ஆயிற்று? யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். அது ஒன்றுதான் புதிது. பெட்டியைச் சாய்த்து அடியிலிருந்த கையேட்டை உருவிப் புரட்டினேன். அதில் ஒரு பெட்டிச் செய்தியாகவே போட்டிருந்தார்கள்: மின்சாரம் நின்றால் நினைவில் உள்ள படிவங்களும் விவரங்களும் அழிந்துவிடும். நான் அதுவரை அந்தக் கையேட்டைப் படித்திருக்கிறேனா என்று கேட்டால், அட்டையைப் படித்திருக்கிறேன்.

“கோவிந்தண்ணே, நிறுத்தாதீங்க!”

அப்படி ஒரு கூச்சல் என் தொண்டையிலிருந்து அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்னால் பிரசவத்தின்போதும் வரவில்லை. கோவிந்தன் ஜெனரேட்டர் லிவரில் வைத்த கையைச் சுட்டுக்கொண்டதுபோல எடுத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நடந்து வந்தவர்கள் எல்லாம் மலைக்குள் போயாகிவிட்டது. அவர்களை மறுபடி கூட்ட அடுத்த வருடம்தான் ஆகும். இந்த மின்சாரம் ஒரு நொடி நின்றால் அத்தனை பேரும் இன்னொரு வருடம் கரடிகளைக் கஞ்சி குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் வேலையும் போய்விடும். இரண்டில் எது பெரிதாக உறுத்தியது என்று இப்போது கேட்டால், முதலாவது என்றுதான் சொல்வேன். அப்போது கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

“நிறுத்தக் கூடாது, அவ்ளோதானே?” என்றார் கோவிந்தன். “எம் ஜெனரேட்டர் டெம்போவுலதான் கீது. பொட்டியையும் தூக்கி டெம்போவுல வைங்க. ஓட வுட்டுக்கினே போலாம்.”

இதைவிடச் சிறந்த யோசனை உலகத்தில் இருக்க முடியாது என்று எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒயர் அறுந்துவிடாமல், பிளக் கழன்றுவிடாமல், நாலு பேர் அந்தப் பெட்டியை அங்குலம் அங்குலமாகத் தூக்கிக்கொண்டு போய் டெம்போவில் ஏற்றினார்கள். அடியில் ஆஸ்பத்திரி மெத்தை, பக்கங்களில் தலையணைகள். திரையை மொத்தமாக அழிக்கிற பொத்தான் ஒன்று பலகையில் இருந்தது. வண்டி குலுங்கி யார் கையாவது அதன் மேல் பட்டால் கதை முடிந்தது. டாக்டர், ஆபரேஷன் முடிந்த கண்ணுக்கு வைக்கிற மூடியை அந்தப் பொத்தானின் மேல் கவிழ்த்து, சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டினார். இன்னொரு பிரச்சினை, கோவிந்தனின் பலகையில் பிளக் லொடலொடவென்று ஆடியது.

“நான் புட்ச்சிக்கினு வர்றேன்” என்று வெள்ளச்சி உட்கார்ந்தார். இரண்டு கையாலும் பிளக்கைப் பலகையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். “வுட மாட்டேன். நீ பயப்படாத.”

கருவிகளோடு ஜீப் முன்னால் போய்விட்டது. கோவிந்தன் டெம்போவை ஓட்ட, பின்னால் டாக்டர், வெள்ளச்சி, நான், பெட்டி, ஜெனரேட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் நடந்து போகிறவர்கள் எங்களை முந்திப் போனார்கள். புகை முழுக்க எங்கள் முகத்தில். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த ஜெபங்களை எல்லாம் சொல்லி, தெரியாததையும் கொஞ்சம் இட்டுக்கட்டிச் சொன்னேன். அவ்வப்போது திருகைத் திருப்பிப் பார்ப்பேன். பச்சை எழுத்துக்கள் இருக்கும். மறுபடியும் மூச்சு வரும்.

அடிவாரத்துக்கு வந்தபோது ஜெனரேட்டரில் சீமெண்ணெய் தீரப் போவதாகக் கோவிந்தன் குரல் கொடுத்தார். சாலையோரம் ஒரு ரேஷன் கடை. டாக்டர் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார். வெள்ளைச் சட்டை கரிச்சட்டையாகியிருந்தது.

“கார்டு?” என்றார் கடைக்காரர்.

“கார்டு இல்லைங்க. நான் டாக்டர்.”

“டாக்டர்னா கார்டு இருக்காதுங்களா?”

“அவசரம்ங்க. வண்டியில உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்காங்க.”

கடைக்காரர் பதறி வெளியே வந்து டெம்போவுக்குள் எட்டிப் பார்த்தார். மெத்தையில் படுத்திருந்த பெட்டியையும், அதன் பொத்தானில் இருந்த பிளாஸ்திரியையும், ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளச்சியையும், கண்ணீரும் கரியுமாக இருந்த என்னையும் பார்த்தார். “ஆருக்குங்க முடியல?” என்றார்.

“இதுக்குத்தாங்க. மூச்சு நின்னுடுச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார் டாக்டர், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களிடம் சொல்கிற அதே குரலில். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கேனை நிரப்பினார். ஓடுகிற ஜெனரேட்டரில் கோவிந்தன் சாவகாசமாக எண்ணெய் ஊற்ற, டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். “இன்னா சார் இதுக்குப் போய்? கண்ணாலத்துல தாலி கட்ற நேரத்துக்கு எண்ணெ தீந்தா நிறுத்திக்கினா ஊத்துவாங்க?” என்றார் கோவிந்தன்.

அந்தி நேரத்தில் தூறல் ஆரம்பித்தது. டாக்டர் குடையை விரித்துப் பெட்டிக்கு மேலே பிடித்தார். பின்னால் வருகிற வண்டிக்கு நாங்கள் தெரிய வேண்டும் என்று கோவிந்தன் சீரியல் லைட்டையும் போட்டுவிட்டார். (அந்த லைட்டைப் போட்ட நொடியில் திரை ஒரு தடவை துடித்தது. என் ஆயுளில் சில வருடங்கள் அங்கேயே கழிந்தன.) அந்தக் கோலத்தோடு, மாதா கோயில் இருக்கிற ஒரு கிராமத்துக்குள் நடை வேகத்தில் நுழைந்தோம். சிவப்பும் மஞ்சளுமாக மின்னுகிற விளக்குகள், குடைக்குக் கீழே பச்சையாக ஒளிர்கிற ஒரு கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் இரண்டு கையையும் சேர்த்து அசையாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நாலைந்து பேர் பின்னாலேயே நடந்து வந்தார்கள். “எந்தூர் தேரும்மா?” என்று ஒரு பெண் என்னைக் கேட்டார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நிர்வாகி முதல் வாட்ச்மேன் வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். ஜீப்பில் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். டெம்போவைக் கம்ப்யூட்டர் அறை ஜன்னலை ஒட்டி நிறுத்தி, உள்ளேயிருந்து கம்ப்யூட்டரின் ஒயரை ஜன்னல் கம்பி வழியாக இழுத்து, டெம்போவில் இருந்த பெட்டியின் பின்புறம் செருகினோம். முதல் பக்கத்தை எடுத்து ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினேன். திரையின் கடைசி வரியில், பெற்றுக்கொண்டதாகக் கம்ப்யூட்டர் பதில் அனுப்பியது. அடுத்த பக்கம். அதற்கும் பதில் வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டும் சேர்ந்து விக்கலாக வந்தது.

கடைசிப் பக்கம் திரைக்கு வந்தது. அதில் ஒரே ஒரு வரி. மலை உச்சியிலிருந்து அதுவரைக்கும் பிளக்கைப் பிடித்த பிடி விடாமல் வந்த பெண்ணின் பெயர். எனக்கு மனசு பொங்கிவிட்டது.

“வெள்ளச்சியம்மா, உங்க பேரு வந்திருக்கு பாருங்க!” என்றேன்.

“எங்க, எங்க?” என்று வெள்ளச்சி ஆசையாக எழுந்து, இரண்டு கையையும் திரையின் மேல் வைத்துக் கண்ணைக் கிட்டே கொண்டுபோனார்.

இரண்டு கையையும்.

திரை கறுத்தது. பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. ஜெனரேட்டர் மட்டும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

“எம் பேரு எங்கம்மா?” என்றார் வெள்ளச்சி. “ஒண்ணும் தெரியலியே.”

முதலில் சிரித்தது டாக்டர்தான். அவர் அப்படிச் சிரித்து யாருமே பார்த்ததில்லை. டெம்போவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். இத்தனை பேரில் தொலைந்து போனது ஒரே ஒருவர், அந்த ஒருவர் எங்கள் எதிரிலேயே நிற்கிறார்! எனக்கு அப்போது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? நான் வெள்ளச்சியைக் கட்டிக்கொண்டேன். என் முகத்துக் கரியில் பாதி அவர் தோளுக்குப் போயிற்று.

டாக்டர் அவரை உள்ளே அழைத்துப் போய் மறுபடியும் கண்ணைப் பார்த்தார். மருந்துச் சீட்டு ஒன்றை இழுத்து, சட்டைப் பையிலிருந்த பென்சிலால் அளவை எழுதி என்னிடம் நீட்டினார். பிறகு கையிலிருந்த பென்சிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நிர்வாகி எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். வேலை நிரந்தரம் என்று அங்கேயே சொன்னார். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாத சேலையில் நான் வீட்டுக்குப் போனேன்.

அம்மா கதவைத் திறந்ததும், “இன்னாடி இது மூஞ்சி? அடுப்புல பூந்துட்டு வர்றியா?” என்றார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அம்மா சோற்றைப் போட, நான் கதையைச் சொன்னேன். வளைவுகள், ரேஷன் கடை, குடை, தேர், ஒன்றையும் விடவில்லை. அம்மா குழம்பு ஊற்றுகிற கரண்டியைக் கீழே வைக்காமல் முழுசாகக் கேட்டார்.

“ஏண்டி” என்றார் கடைசியில், “மலை மேலயே அந்தப் பொட்டியில எழுத்து தெரிஞ்சிக்கினுதானே இருந்துச்சி?”

“ஆமா.”

“அத்தப் பாத்து ஒரு காயிதத்துல எழுதிக்கினு வர வேண்டியதுதானே?”

வாய்க்குக் கொண்டுபோன சோறு அப்படியே நின்றது. பி.எஸ்சி. படித்தவள், கண் டாக்டர், ஜெனரேட்டர்காரர், பெட்டி தூக்கிய நாலு பேர். பள்ளிக்கூடத்தில் வேறு இருந்தோம். சுற்றிலும் நோட்டுப் புத்தகமும் சாக்பீசும் கரும்பலகையும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருந்தால் எல்லாரும் ஜீப்பில் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கி வந்திருக்கலாம்.

“அம்மா, இதை யார்கிட்டயும் சொல்லாதே.”

“நான் ஆர்கிட்ட சொல்லப் போறேன்?” என்றார் அம்மா. குடும்பத்துக்குள்ளே மட்டும்தான் சொன்னார். எங்கள் குடும்பத்தில் அப்போது கிறிஸ்துமஸுக்குக் கூடினால் பந்தி மூன்று தடவை போட வேண்டும்.

கண்ணாடிகள் எல்லாம் சரியான ஆட்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தன. வெள்ளச்சி மகள் வீட்டுக்கு வந்த ஒரு நாள், கண்ணாடியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். “இப்ப மருமவன் நல்லாத் தெரியறாராம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“தெரியறான், தெரியறான்” என்றார் வெள்ளச்சி. “கரடியே தேவலாம்.”

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. மேடைக்கு வந்த டாக்டர் நீளமான ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பரிசுத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். அங்கேயே பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். உள்ளே நன்றாகச் சீவிய ஒரு பென்சில். நான் கூட்டத்தில் இருந்த அம்மாவை முறைத்தேன். அம்மா, தான் சொல்லவே இல்லை என்று தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார்.

“யாரும் சொல்லலைம்மா” என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில். “அன்னைக்கு வெள்ளச்சிக்குச் சீட்டு எழுதும்போதுதான் எனக்கே உறைச்சது. பென்சில் நாள் பூரா என் பையிலதான் இருந்திருக்கு. வெளியில சொன்னா உன்னைவிட எனக்குத்தான் அவமானம். பேசாம இருந்துட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். டெம்போவில் சிரித்த அதே சிரிப்பு. ஒரு வருடமாக அந்த ரகசியத்தைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்த இரண்டு முட்டாள்களும் மேடையிலேயே கண்ணில் நீர் வரச் சிரித்ததில், கல்யாண ஆல்பத்தில் அந்த ஒரு படம் மட்டும் ஆடிப்போய் விழுந்திருக்கிறது. பக்கத்தில் ஒன்றும் புரியாமல் நிற்பவர் என் கணவர்.

அவருக்கும் அன்றைக்கே புரியவைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாராவது சின்ன வேலைக்குப் பெரிய ஏற்பாடு செய்தால், “ஜெனரேட்டரை ஏத்தட்டுமா?” என்பார்கள். நான் என் செல்போனைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொன்னால் மகன், “அம்மா, பிளக்கைப் பிடிச்சுக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு ஓடிவிடுவான். பென்சில் இன்னும் வரவேற்பறை அலமாரியில் அதே கூட்டில் இருக்கிறது.

இதையும் முதலில் காகிதத்தில் பென்சிலால்தான் எழுதினேன். பிறகு கம்ப்யூட்டரில் தட்டும்போது பாதியில் கரண்ட் போயிற்று. நான் எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தேன்.